மூன்று வருடம் நின்ற கேம்பர் வேன்: காசைக் கொட்டுவதற்கு முன்னால் எதைப் பார்ப்பது?

முதலில் நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வண்டி 2008ஆம் வருட ஃபியட் டுகாட்டோ கேம்பர் (உள்ளே படுக்கை, அடுப்பு வைத்த வேன்), 2.3 லிட்டர் டீசல், ஓடியது 61,000 மைல். பிரிட்டனில் ஒரு வயதான தம்பதியிடம் வாங்கியிருக்கிறீர்கள், கடைசி மூன்று வருடம் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறது. வாங்கி மூன்று வாரத்துக்குள் ஆறு புகார். காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாக இழுக்கிறது, மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் மொத்த வண்டியும் உதறுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லாமல் கறுப்புப் புகையோடு என்ஜின் லைட் எரிகிறது, கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது ஆனால் கீழே ஒழுகவில்லை, முன்பக்கம் லொடலொடவென்று சத்தமும் வேகத்தில் ஊளையும் வருகிறது, ஒரு முன் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை. பக்கத்துக் கராஜ்காரர் பேட்டரி, ஸ்டார்ட்டர், கிளட்ச், டர்போ எல்லாம் மாற்றச் சொல்லி 3,200 பவுண்ட் கேட்கிறார். கொடுக்கலாமா என்பதுதானே கேள்வி?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கராஜ்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பட்டியலில் அவர் எதையும் அளந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை. அறிகுறியைக் கேட்டு, அதற்கு நேராக ஒரு பாகத்தின் பெயரை எழுதியிருக்கிறார். தினமும் ஓடும் டெலிவரி வேனுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரிவரும், அங்கே பாகங்கள் தேய்ந்துதான் போகின்றன. கேம்பர் வேன் கதை வேறு. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் 61,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் அது உழைத்துத் தேய்ந்த வண்டி இல்லை, நின்று நின்று துருப்பிடித்த வண்டி. அதனால் தண்ணீர், துரு, காய்ந்துபோன ரப்பர், எலி, இந்த நாலையும் முதலில் சந்தேகப்படுங்கள். பாகங்களைச் சந்தேகப்படுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது. அரசாங்கத்தின் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பழைய எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) முடிவுகள் முழுக்க இலவசமாகக் கிடைக்கும். பாஸ், ஃபெயில் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் 'அட்வைசரி' (எச்சரிக்கைக் குறிப்பு) என்று எழுதியிருப்பார்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு வருடம் 'பிரேக் பைப்பில் லேசான துரு' என்று எழுதியிருக்கும், அடுத்த வருடம் அதே பைப் 'அதிகத் துரு' ஆகியிருக்கும், அதற்கடுத்த வருடம் அந்த வரியே காணாமல் போயிருக்கும். மாற்றியிருந்தால் ரசீது எங்கே? ரசீது இல்லையென்றால் சோதித்தவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வருடா வருடம் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த வருடங்களில் வண்டி நகரவே இல்லை என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

சரி, ஸ்டார்ட்டருக்கு வருவோம். இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் 2006இல் வந்த இந்த மாடல் டுகாட்டோவில் (பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே என்று வேறு பெயர்களில் ஓடுவதும் இதே வண்டிதான், இத்தாலியில் அட்டெஸ்ஸா என்ற ஊரில் ஒரே ஆலையில் செய்தது) எர்த் பட்டை துருப்பிடிப்பது ஊரறிந்த விஷயம். கியர்பாக்ஸிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகும் ஒரு பின்னிய செம்புப் பட்டை அது. சாலைத் தண்ணீரும் குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் நேராக அடிக்கிற இடத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். போல்ட் இறுகும் கண்ணுக்குள்ளே பச்சைப் பொடியாக உதிர்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்பியர் கேட்கும்போது அந்தப் பட்டையால் கொடுக்க முடிவதில்லை, அதனால் மோட்டார் முனகுகிறது. பேட்டரி போய்விட்டது என்று புதுசு வாங்கிப் போடுகிறார்கள், புது பேட்டரியின் தெம்பில் இரண்டு வாரம் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி.

சோதிப்பது சுலபம். பத்து, பதினைந்து பவுண்டுக்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை என்ஜினின் வெற்று உலோகத்தில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் இருக்கட்டும். இன்னொரு முனை பாடியின் எர்த் போல்ட்டில். வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த இரண்டு, மூன்று நொடிகளில் மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த்தில் பிரச்சினை இல்லை. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று எகிறினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். மீட்டர் இல்லையென்றால் ஜம்ப் லீடின் கறுப்பு ஒயரை எடுத்து ஒரு கவ்வியை என்ஜின் உலோகத்திலும் மறு கவ்வியைப் பாடி எர்த்திலும் மாட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். சோம்பல் போய்ச் சட்டென்று சுற்றினால் சோதனை அதோடு முடிந்தது. புதுப் பட்டை இருபது பவுண்டுக்குள்தான் இருக்கும். இரண்டு பக்கமும் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து மாட்டிவிட்டு, மேலே கிரீஸ் பூசி விடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எர்த் பட்டை வழியாகப் போக முடியாத மின்சாரம் கியர் கேபிள் மாதிரி கிடைக்கிற இரும்பு வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் சூடாகி அதன் உறை உருகும். இருபது பவுண்ட் வேலை அப்போது இருநூறு பவுண்டில் போய் நிற்கும்.

எர்த் சரியாக இருந்தால்தான் அடுத்தது பேட்டரி. இரவு முழுக்கச் சும்மா நின்றபின் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், ஸ்டார்ட் பண்ணும்போது பத்துக்குக் கீழே ரொம்ப இறங்கக் கூடாது, என்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி வர வேண்டும். இந்த மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மூன்றும் சரியாக இருந்து, நன்றாகச் சுற்றியும் குளிரில் மட்டும் பற்ற நேரமெடுத்தால் அது குளோ பிளக் (குளிரில் பற்றுவதற்கு என்ஜினுக்குள் சூடேற்றுவது) பக்கத்துச் சமாச்சாரம். காலை வேளையில் பற்றியதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து டீசல் நெடி அடித்து ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால் அதுவேதான்.

இழுவை இல்லை, கறுப்புப் புகை, என்ஜின் லைட். இது கொஞ்சம் நீளமான விஷயம். கறுப்புப் புகை என்றால் உள்ளே போகும் டீசலுக்குத் தேவையான காற்று போகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ போயிருந்தாலும் அப்படி ஆகும்தான், ஆனால் டர்போ போவது அந்தப் பட்டியலில் கடைசி. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன். நான் முதன்முதலில் வாங்கிய பழைய வேன் இதே மாதிரித்தான் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தது. ஒரு கராஜில் கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்க 90 பவுண்ட் கொடுத்தேன், அவர்கள் சென்சார் என்றார்கள், அதையும் மாற்றினேன், பலனில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறெதற்கோ பானட்டைத் திறந்தபோது ஃபில்டர் பெட்டியின் மூடியையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே முக்கால் பெட்டிக்குச் சூரியகாந்தி விதைத் தோல், கூடவே சீட்டுக்கடியில் இருந்து பிய்த்துக்கொண்டு போன பஞ்சு. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் குருவிகளுக்கு வைத்த தீனியை எலி தூக்கிவந்து அங்கே குடும்பம் நடத்தியிருக்கிறது. பன்னிரண்டு பவுண்ட் ஃபில்டரோடு வேலை முடிந்தது. எலி இருந்த வண்டி என்றால் ஒயரையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள், கடித்திருக்கும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் பெரிய ரப்பர் குழாய்களுக்குப் போங்கள். கையால் வளைத்து, அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும், குறிப்பாகக் கிளாம்ப் இறுகும் விளிம்பில். ஒரு இடத்தில் மட்டும் ஈரமான எண்ணெய்ப் படலம் இருந்தால் காற்று அங்கிருந்துதான் வெளியே போகிறது. சும்மா நிற்கும்போது காட்டிக்கொடுக்காது, மேடேறும்போது டர்போ அழுத்தம் ஏறியதும் வாயைத் திறக்கும், ஒரு 'புஸ்' சத்தமும் கேட்கும். அதையும் தாண்டினால் ஈஜிஆர் வால்வ், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடுவது அது. கரி அடைத்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் புகைபோக்கியில் போக வேண்டிய புகை திரும்ப உள்ளே வந்துகொண்டே இருக்கும். குறைந்த தூரம், குறைந்த வேகம், கடைக்குப் போய்வருவது என்று ஓடிய வண்டிகளில் இது சகஜம்.

இங்கே ஒரு ஓபிடி ரீடர் (என்ஜின் கம்ப்யூட்டர் பதிந்த பிழை எண்களைப் படிக்கும் கருவி) வாங்கிக்கொள்வது நல்லது. போனோடு புளூடூத்தில் சேர்வது இருபது, முப்பது பவுண்டுக்குக் கிடைக்கிறது. ஆனால் அது காட்டும் பிழை எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பி0299 என்று வந்தால் 'டர்போ போய்விட்டது' என்று அர்த்தமில்லை, 'நான் எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை' என்று என்ஜின் கம்ப்யூட்டர் புலம்புகிறது, அவ்வளவுதான். கிழிந்த குழாயாலும் அழுத்தம் வராமல் போகும், அடைத்த ஃபில்டராலும் போகும். பி0401 என்றால் ஈஜிஆர் வழியாகப் போக வேண்டியது போதவில்லை. பி0087 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயில் (ஃப்யூல் ரெயில்) அழுத்தம் குறைவு, அப்போது பம்ப்பைக் கைகாட்டுவதற்கு முன்னால் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். வந்த பிழை எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, அதே மேட்டில் மறுபடி ஓட்டுங்கள். திரும்ப எது முதலில் வருகிறதோ அதுதான் உண்மையான புகார். பழைய பேட்டரி இறங்கியபோது பதிவான குப்பை எண்களெல்லாம் திரும்பி வராது.

டீசல் ஃபில்டர் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் இருப்பதை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து ஓர் இரவு வையுங்கள். இங்கே பங்கில் கிடைக்கும் சாதாரண டீசலில் ஏழு சதவீதம் வரை பயோடீசல் கலந்திருக்கலாம், அது ஈரத்தை இழுக்கும். பாதி காலியாக மூன்று வருடம் நின்ற டாங்க்கில் உள்சுவர் வியர்த்து வியர்த்துத் தண்ணீர் சேர்ந்திருக்கும். காலையில் ஜாடியின் அடியில் தெளிவான ஒரு கோடு விழுந்து அதன் கீழே தண்ணீர் நின்றால் ஃபில்டரை மாற்றி, டாங்க்கையும் காலி பண்ணுங்கள். அந்தக் கோட்டில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது மிதந்தால் அது டீசலுக்குள் வளர்ந்த பூஞ்சை, டாங்க்கைக் கழுவாமல் தீராது.

அப்புறம், உங்கள் வருடத்து யூரோ 4 (பழைய புகை அளவுகோல்) டீசலில் பெரும்பாலும் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருக்காது, அந்தத் தலைவலி மிச்சம். ஆனால் யூரோ 4 டீசல் என்பதால் லண்டனுக்குள் போனால் மாசுக் கட்டணமாக நாளுக்கு 12.50 பவுண்ட் கட்ட வேண்டும், 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நிர்வாகப் பகுதிகளுக்கும்) அது பொருந்தும். ஈஸ்ட் ஹாமிலும் வெம்ப்ளியிலும் சொந்தக்காரர்கள் இருந்தால் வேனை வெளியே விட்டுவிட்டு ரயிலில் போய்வாருங்கள்.

இந்த மாடலில் தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது. முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே வைப்பர் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதே, அதன் இணைப்புகள் வழியாக மழைத் தண்ணீர் நேராக என்ஜின் மேலே சொட்டும். விழுகிற இடம் என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள். வருடக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் இன்ஜெக்டர் ஹெட்டோடு (என்ஜினின் மேல்பாகம்) துருவில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒன்றை மாற்ற வேண்டி வந்தால் கழற்றுவதே ஒரு பெரிய யுத்தம். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பூவாளியில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியின் அடியில் மெதுவாக ஊற்றச் சொல்லி, நீங்கள் டார்ச்சோடு கீழே பாருங்கள். இரண்டு நிமிடம் போதும், எந்த இடுக்கில் சொட்டுகிறது என்று தெரிந்துவிடும். இன்ஜெக்டர் குழிகளில் பழுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் உறிஞ்சி எடுங்கள், தட்டின் இணைப்புகளைச் சீலன்ட் வைத்து அடையுங்கள். என்ஜின் ஓடும்போது அந்தக் குழியிலிருந்து 'சஃப் சஃப்' என்று மூச்சு விடுகிற சத்தமும், சுற்றிலும் தார் மாதிரி கறுப்புப் படிவும் இருந்தால் இன்ஜெக்டர் வாஷர் விட்டுவிட்டது. அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரிவர்ஸ் உதறலுக்கு கிளட்ச் என்று எழுதியிருக்கிறாரே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மாடல் வந்த முதல் சில வருடங்களில் ரிவர்ஸ் கியரின் விகிதம் மிக உயரமாக இருந்தது. மூன்றரை டன் வண்டியை மேட்டில் பின்னால் நகர்த்த கிளட்ச்சைப் பாதியில் பிடித்து இழைக்க வேண்டியிருந்தது, அதில்தான் உதறியது. வாங்கியவர்கள் கூட்டமாகப் போராடிய பிறகு நிறுவனம் தாழ்ந்த விகிதமுள்ள ரிவர்ஸ் கியரோடு மாற்றுவழி கொண்டுவந்தது. உங்கள் வண்டிக்கு அது செய்யப்பட்டதா என்று பழைய சர்வீஸ் காகிதங்களில் தேடுங்கள். சோதனை இப்படி: அதே மேட்டில் முகத்தைத் திருப்பி நிறுத்தி முதல் கியரில் ஏறிப் பாருங்கள். முதல் கியரிலும் உதறினால் கிளட்ச், ஃப்ளைவீல், என்ஜின் மவுன்ட் என்று தேடலாம். ரிவர்ஸில் மட்டும் உதறினால் வண்டியின் பிறவிக்குணம். கிளட்ச் உண்மையிலேயே தேய்ந்ததா என்று பார்க்க, காலி ரோட்டில் ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முழுசாக ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறி வேகம் அப்படியே இருந்தால் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் அந்த கிளட்ச்சுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. பிறவிக்குணம் என்று தெரிந்தால் நான் ஆயிரக்கணக்கில் செலவழிக்க மாட்டேன். மேட்டு வாசலில் முன்பக்கமாக ஏறி, பின்பக்கமாக இறங்கி வருவேன்.

கூலண்ட். ஆற விட்டபின் டாங்க்கில் அளவுக்கு நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். (சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள்.) ஒரு வாரம் ஓட்டிவிட்டு எத்தனை மில்லிலிட்டர் குறைந்தது என்று பாருங்கள். 'குறைகிறது' என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை, வாரம் ஐம்பது மில்லி என்பதும் அரை லிட்டர் என்பதும் இரண்டு வேறு நோய்கள். கீழே ஒழுகவில்லை என்கிறீர்கள், ஆனால் சூடான என்ஜின் மேல் கசிந்தால் சொட்டுவதற்குள் ஆவியாகிவிடும், காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்த மாதிரி ஒரு தடம் இருக்கும். வாட்டர் பம்ப் சுற்றிலும், குழாய் முனைகளிலும் டார்ச் அடியுங்கள். பயணி பக்கத்துத் தரை விரிப்பைத் தூக்கிக் கையை வையுங்கள், பிசுபிசுத்து இனிப்பு வாசனை அடித்தால் ஹீட்டர் மேட்ரிக்ஸ் (டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. கேம்பரில் மட்டும் இருக்கும் ஒரு விஷயத்தைப் பொதுவான கராஜ்கள் மறந்துவிடுவார்கள்: சில வண்டிகளில் என்ஜின் கூலண்டைக் குழாய் போட்டுப் பின்னால் கொண்டுபோய் உட்காரும் இடத்துக்கு ஒரு ஹீட்டரோ தண்ணீர் சூடாக்கும் தொட்டியோ வைத்திருப்பார்கள். அந்தக் குழாய்கள் தரைக்கு அடியில் பல அடி ஓடும், ஒவ்வொரு கிளாம்ப்பும் ஒரு கசிவுப் புள்ளி. வண்டி நடுவில் கசிந்தால் முன்னால் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று யாராவது பயமுறுத்தினால் உடனே நம்பாதீர்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்ளே வெண்ணெய் மாதிரி வெளுப்பாக இருப்பதை வைத்துச் சொல்வார்கள், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குளிர்காலத்தில் வெறும் ஈரத்தாலும் அப்படி வரும். நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, கூலண்ட் டாங்க் வாயில் ஒரு குழாயில் நீலத் திரவம் வைத்து என்ஜினை ஓட விடுவார்கள். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். முப்பது பவுண்டுக்கு அந்தக் கிட்டே விற்கிறது. அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சத்தங்களுக்கு முன்னால் ஒரு வேலை: வண்டிக்குள் இருப்பதையெல்லாம் இறக்குங்கள். தட்டு, கரண்டி, அடுப்பின் மேல் இரும்புக் கம்பி, மடக்கு மேசையின் கால், காஸ் பெட்டியில் இருக்கும் சிலிண்டர். சிரிப்பாக இருக்கும், ஆனால் 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று வந்த ஒரு வண்டியில் குற்றவாளி இட்லிப் பானை. காலியாக ஓட்டியும் ஸ்பீட் பம்ப்பில் டக் டக் என்று வந்தால் ஆன்டி ரோல் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) டிராப் லிங்க்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள், மலிவான பாகம். முழுசாக ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டு மெதுவாகப் போகும்போது கட் கட் என்றால் சிவி ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு). ஊளை என்றால் வீல் பேரிங்: நாற்பது மைல் வேகத்தில் ரோடு மெதுவாக இடப்பக்கம் வளையும்போது ஊளை கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் அப்போது பாரம் வலது பக்கம் சாய்கிறது. தொடங்கிய முதல் சில மைல் மட்டும் தடதடவென்று இருந்து பிறகு குறைந்தால் அது நின்ற இடத்தில் தட்டையாகிப்போன டயர்.

டயர் என்றதும் கொஞ்சம் நிற்க வேண்டும். பக்கச் சுவரில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1512 என்றால் 2012ஆம் வருடத்தின் பதினைந்தாவது வாரம். கேம்பர் டயரில் பூ (மேற்புறப் பள்ளம்) நிறைய இருக்கும், அதைப் பார்த்து விற்பவரும் 'டயர் புதுசு மாதிரி' என்பார். ரப்பர் உள்ளே காய்ந்து போயிருக்கும். லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று இங்கே 2021 பிப்ரவரியிலிருந்தே சட்டம், கேம்பர் அதில் அடங்காது. அடங்காவிட்டாலும் மூன்றரை டன்னோடு மோட்டார்வேயில் போகிறவர் நீங்கள். பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் கண்ணில் பட்டால் மற்ற வேலைகளை விட்டுவிட்டு இதை முதலில் செய்யுங்கள்.

கருகல் வாசனை வரும் சக்கரத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், உங்கள் பட்டியலில் உயிரோடு விளையாடும் விஷயம் இது ஒன்றுதான். பத்து மைல் ஓட்டிவிட்டு, கடைசியில் அதிகம் பிரேக் போடாமல் உருண்டு வந்து நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிரேக் கட்டைகளை அழுத்தும் கேலிப்பரில் பாருங்கள். கேலிப்பர் பின் துருவா, பிஸ்டனா, அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடிக்கிறதா என்று பிரிக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பிளீட் நிப்பிளை (கேலிப்பரில் பிரேக் எண்ணெயை வெளியேற்றும் சின்னத் திருகு) திறந்து பாருங்கள், சக்கரம் விடுபட்டால் ஹோஸ், விடுபடாவிட்டால் கேலிப்பர். பிரேக் வேலை பழக்கமில்லை என்றால் இதைத் தெரிந்தவரிடம் விடுங்கள், பிரேக் எண்ணெயையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். வண்டிக்கடியில் போகிற எந்த வேலைக்கும் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் 2.3 என்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது (இதே வண்டியின் 2.2, 3.0 என்ஜின்களில் செயின்). பெல்ட் மைலால் மட்டும் இல்லை, வயதாலும் போகும். 'மாத்தியாச்சு' என்று பெரியவர் வாயால் சொன்னது கணக்கில் வராது, தேதியும் மைலும் போட்ட ரசீது இருந்தால்தான் மாற்றியது. இல்லையென்றால் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, அதற்கப்புறம் என்ஜினே போய்விடும். கராஜ்காரர் பட்டியலில் இது இல்லை என்பதுதான் எனக்கு அவர் மேல் உள்ள பெரிய வருத்தம்.

பின்னால் இருக்கும் லெஷர் பேட்டரி (வீட்டுப் பகுதி விளக்கு, பம்ப்புகளுக்கானது), தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் தனிக்கதை, என்ஜின் வேலையோடு குழப்ப வேண்டாம். காஸ் இணைப்பை மட்டும் வண்டிகளுக்குத் தகுதி பெற்ற, காஸ் சேஃப் (பிரிட்டனின் காஸ் வேலைக்காரர் பதிவேடு) பதிவுள்ளவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள், அதுவரை உள்ளே அடுப்பு பற்ற வைக்காதீர்கள்.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாளைக்குக் காலையில் டயர் எண்ணைப் படிப்பேன், அந்தச் சூடான சக்கரம் சரியாகும்வரை தூரம் போக மாட்டேன். மாலையில் எர்த் சோதனை, ஏர் ஃபில்டர் பெட்டி, பூவாளி. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகாது. ஸ்டார்ட் பண்ணும்போது மீட்டர் காட்டிய எண், பிழை எண்ணை அழித்தபின் திரும்ப வந்தது எது, ஒரு வாரத்தில் கூலண்ட் எத்தனை மில்லி இறங்கியது, இந்த மூன்றையும் எழுதுங்கள். டர்போ பற்றி அப்போது பேசலாம்.